மெலிவிக்கும் மருந்துகளும் காலம் என்னும் அளவுகோலும்

பொழுது புலரும் முன்னரே கடற்கரைச் சாலையில் நடைபயில்வோர் திரளும் புதுச்சேரி நகரம், இந்திய மருத்துவ ஆராய்ச்சியின் ஏடுகளில் கவலைக்குரிய ஓர் இடத்தைப் பெற்றிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2008 முதல் 2020 வரை நாடெங்கும் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரை நேரிற் சோதித்து, 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, தேகப் பருமன் உள்ளவர்களின் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.6 சதவீதமாக இருக்க, புதுச்சேரியில் அது 53.3 சதவீதமாக உயர்ந்து நின்றது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களோ 61.2 சதவீதம். இவ்விரண்டிலும் நாட்டில் முதலாவதாக நின்றது புதுச்சேரியே. நீரிழிவிலும் கோவாவின் 26.4 சதவீதத்திற்கு அடுத்தபடியாக 26.3 சதவீதத்தோடு அது இரண்டாம் இடத்தில் இருந்தது.

மேற்கு நாடுகளில், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு 30ஐத் தொட்டால்தான் பருமன் என்பார்கள்; நம்மவருடைய சரீர அமைப்பில், அதே எடையிலேயே கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பதனால், 2009ஆம் ஆண்டு இந்திய வல்லுநர்கள் ஒருமித்து 23க்கு மேல் மிகை எடை என்றும் 25க்கு மேல் பருமன் என்றும் வகுத்தார்கள்; இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தார்கள். எனவே 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் நம் கணக்கின்படி 68 கிலோவைக் கடந்த உடனே பருமனானவர். மேனாட்டுக் கணக்கின்படி அவர் ஏறக்குறைய 82 கிலோ வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பதினான்கு கிலோ இடைவெளியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம். மருந்துகளைப் பரிசீலிக்கும்போது இது மீண்டும் குறுக்கிடும்.

இத்தகைய நகரத்தில், எடையைக் குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன என்ற செய்தி பரவியபோது, காந்தி வீதியிலும் நேரு வீதியிலும் உள்ள மருந்துக் கடைகளில் அவற்றைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகியதில் வியப்பில்லை. 2025 மார்ச்சில் டிர்செபடைட் என்னும் மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரிலும், அதே ஆண்டு ஜூனில் செமாக்ளுடைட் என்னும் மருந்து வெகோவி என்ற பெயரிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. டிசம்பரில் ஓசெம்பிக் வந்தது. லிராக்ளுடைட் என்ற முந்திய ஊசியும், ஆர்லிஸ்டாட் என்ற பழைய மாத்திரையும் ஏற்கெனவே இருந்தன. டாக்டரிடம் செல்லுமுன் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செல்ல விரும்புவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் தேகத்துக்குள் செலுத்தப்படும் ஔஷதம் இன்னதென்று அறிந்து கேள்வி கேட்கும் நோயாளி, வைத்தியருக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த துணை. ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதே பிரதானம். ‘எது அதிகக் கிலோ குறைக்கும்?’ என்ற கேள்வியோடு பெரும்பாலோர் தொடங்கி அதோடு முடித்தும் விடுகிறார்கள். எத்தனை காலத்திற்கு, எத்தனை காலம் கழித்து, நிறுத்தியபின் எத்தனை காலத்தில் என்ற கேள்விகளே இந்த மருந்துகளின் உண்மைச் சுபாவத்தை வெளிப்படுத்துவன என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெகோவி, ஓசெம்பிக், ரைபெல்சஸ் ஆகிய மூன்றும் செமாக்ளுடைட் என்னும் ஒரே பொருளே. ஓசெம்பிக் நீரிழிவுக்கென்று அனுமதி பெற்ற வார ஊசி. வெகோவி அதனினும் உயர்ந்த அளவு வரை செல்லும், எடைக்கென்று அனுமதி பெற்ற வார ஊசி. 2022இல் இந்தியாவுக்கு வந்த ரைபெல்சஸ், காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டிய நீரிழிவு மாத்திரை. ஆகவே ‘ஓசெம்பிக் நல்லதா, வெகோவி நல்லதா’ என்று ஒப்பிடுகிறவர் ஒரே மருந்தின் இரண்டு அளவுகளையே ஒப்பிடுகிறார்.

ஆர்லிஸ்டாட் இவற்றினின்றும் முற்றிலும் வேறான வழியிற் செல்வது. அது இரத்தத்தில் அதிகம் கலப்பதே இல்லை; கணையத்திலிருந்து வந்து கொழுப்பைச் செரிக்கச் செய்யும் லைபேஸ் என்ற நொதியைக் குடலிலேயே தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் செரியாமல் வெளியேற்றிவிடுகிறது. அதனால் எண்ணெய் மிகுந்த ஆகாரம் உண்டவருக்கு எண்ணெய்ப் பசையான மலமும், அடக்க முடியாத அவசரமும் நேரும். ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துக்களும் கொழுப்போடு சேர்ந்து கழியும். மருந்தில்லாத போலி மாத்திரை உண்டவரைக் காட்டிலும் ஓராண்டில் மூன்று கிலோ அளவே கூடுதலாகக் குறையும். ஆயினும் 1998 முதல் உலகில் பழகிய மருந்து என்பதனால் அதன் குணமும் தோஷமும் நன்கு தெரிந்தவை. பழமை அதற்கு ஒரு தகுதி.

புதிய ஊசிகளின் கதை குடலில் தொடங்குகிறது. நாம் உண்டவுடன் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சில உயிரணுக்கள் ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோனை இரத்தத்திற் சுரக்கின்றன. அது கணையத்தை எட்டி, சர்க்கரை மிகுந்திருந்தால் மட்டும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்கிறது. மூளையின் பசி நிலையங்களுக்குப் போதும் என்ற செய்தியைத் தெரிவிக்கிறது. இயற்கை இதற்கு அளித்த ஆயுள் ஒன்று அல்லது இரண்டு நிமிடமே, டி.பி.பி-4 என்ற நொதி அதனை உடனே துண்டித்துவிடும். 1980களில் இதன் வடிவம் அறியப்பட்ட பின்னர், அறிவியலார் உழைத்ததெல்லாம் இந்த ஆயுளை நீட்டுவதற்காகவே. நொதி கடிக்கும் இடத்திலுள்ள அமினோ அமிலத்தை மாற்றியும், ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை ஒட்டவைத்து இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின்மீது சவாரி செய்யவிட்டும் ஆயுளைப் பெருக்கினார்கள். லிராக்ளுடைட் பாதியாகக் குறைய ஏறத்தாழ 13 மணி நேரமாகிறது. ஆகவே தினம் ஓர் ஊசி. செமாக்ளுடைட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். டிர்செபடைட்டுக்கு ஐந்து நாள். ஆகவே வாரம் ஓர் ஊசி. டிர்செபடைட், ஜி.எல்.பி-1இன் பூட்டை மட்டுமின்றி ஜி.ஐ.பி என்னும் மற்றொரு குடல் ஹார்மோனின் பூட்டையும் திறக்கும் சாவி.

நிமிடங்களை வாரமாக நீட்டியதில் ஓர் அனுகூலமும் ஓர் அபாயமும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. வாந்தியோ குமட்டலோ கடுமையானால், இன்று நிறுத்தி நாளை விடுபட இயலாது. மருந்து தேகத்தில் வாரக்கணக்கில் தங்கும். இதனால்தான் செமாக்ளுடைட்டை வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, பதினாறு வாரங்களில் 2.4 வரை படிப்படியாக ஏற்றுகிறார்கள், டிர்செபடைட்டை 2.5இல் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேற்படாமல் உயர்த்தி, தேவையானால் 15 வரை செல்கிறார்கள். விரைவில் மெலிய வேண்டுமென்று ஆரம்பத்திலேயே பெரிய அளவைக் குத்திக்கொள்வது எவ்வளவு விபரீதம் என்பது இதனின்று விளங்கும்.

இனி எண்களுக்கு வருவோம். 2021இல் வெளிவந்த செமாக்ளுடைட் பரிசோதனையில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் சராசரியாகத் தம் எடையில் 14.9 சதவீதத்தையும், போலி ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீதத்தையும் இழந்தார்கள். 2022இல் வெளிவந்த டிர்செபடைட் பரிசோதனையில், மிக உயர்ந்த அளவைப் பெற்றவர்கள் 72 வாரங்களில் 20.9 சதவீதம் இழந்தார்கள். 2015இல் வந்த லிராக்ளுடைட் பரிசோதனையில் 56 வாரங்களுக்கு 8 சதவீதம். வெவ்வேறு பரிசோதனைகளின் எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது என்ற நியாயமான ஆட்சேபத்திற்கு, 2025 மே மாதத்தில் நேருக்கு நேரான ஒப்பீடு ஒன்று விடை தந்தது: 751 பேர் கலந்துகொண்ட அதில் டிர்செபடைட் 20.2 சதவீதமும் செமாக்ளுடைட் 13.7 சதவீதமும் குறைத்தன. கிலோவே அளவுகோலானால் வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அந்தப் பரிசோதனைகளில் இருந்த தேகங்கள் யாருடையவை? 1,961 பேரின் சராசரி எடை 105 கிலோ. சராசரிக் குறியீடு ஏறக்குறைய 38. நீரிழிவு உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை. குறியீடு 28இல் நின்று, தொப்பையும் சர்க்கரையும் உடைய புதுச்சேரிக்காரர் ஒருவர் அந்தச் சராசரியைத் தமக்கு உரியதாக எண்ணிக்கொள்ளுதல் சரியன்று. நீரிழிவு உள்ளவர்களைக் கொண்டு தனியே செய்த பரிசோதனைகளில் செமாக்ளுடைட்டின் 14.9 என்பது 9.6 ஆகவும், டிர்செபடைட்டின் 20.9 என்பது 14.7 ஆகவும் இறங்கின. நான்கில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள ஊரில் இந்த இரண்டாவது ஜோடி எண்களே அதிகம் பேசப்பட வேண்டியவை. மேலும் சராசரிக்குள் மனிதர் மறைந்து போகிறார்கள்: செமாக்ளுடைட் பெற்றவர்களில் பாதிப்பேர் 15 சதவீதத்துக்கு மேல் இழக்க, ஏழு பேரில் ஒருவர் அளவினருக்கு ஐந்து சதவீதங்கூடக் குறையவில்லை. யார் எந்தப் பக்கம் விழுவார் என்று ஊசி போடுமுன் உறுதியாகக் கூற இன்று ஒரு சோதனையும் இல்லை.

எடையோடு முடியாத பலன் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இருதய நோயும் மிகை எடையும் உண்டு, நீரிழிவு இல்லை என்ற நிலையிலிருந்த 17,604 பேரிடம் செய்து 2023 நவம்பரில் வெளியான பரிசோதனையில், செமாக்ளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றின் மொத்தத்தை 20 சதவீதம் குறைத்தது. முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவருக்கு, ஐந்தாறு கிலோ அதிகம் குறைக்கும் மருந்தைக் காட்டிலும் இந்தச் சான்றுடைய மருந்து பொருத்தமாக இருக்கலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்? செமாக்ளுடைட் பரிசோதனை முடிந்து ஊசியை நிறுத்தியவர்களை மேலும் ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டிருந்தது. டிர்செபடைட்டை 36 வாரங்களில் நிறுத்தியவர்களும் அவ்வாறே ஏறினார்கள். இதை நோயாளியின் மனோபலக் குறைவாகக் கருதுவது பெரும் அநீதி. மெலிந்த தேகம் பழைய எடைக்குத் திரும்பப் பசியைப் பெருக்குகிறது, சக்திச் செலவைச் சுருக்குகிறது. அந்தப் பசியை அடக்கியிருந்த பொருள் விலகியதும் அது தலைதூக்குகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் பற்றி ஒருவரும் நோயாளியைக் குறை கூறுவதில்லை. அன்றியும், குறையும் எடையில் காற்பங்கோ அதற்கு மேலோ தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருக்கிறது. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. முன்னமே தசை குறைந்த நம்மவர், மீனும் முட்டையும் பருப்பும் போதிய அளவு உண்ணாமலும் தசைக்கு வேலை கொடுக்காமலும் மூன்று மாதம் குத்திக்கொண்டு நிறுத்தினால், தொடங்கிய நாளைக் காட்டிலும் மோசமான தேகத்தோடு நிற்கக்கூடும்.

ஆகவே விலையைப் பற்றிய கேள்வியும் மாதக் கணக்கில் முடிவதன்று. மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய்; மாதம் நான்கு குப்பி. வெகோவி வந்தபோது மாதத்துக்குத் தொடக்க அளவில் 17,345 ரூபாய், உச்ச அளவில் 26,015 ரூபாய். சில மாதங்களிலேயே அதன் விலை வெகுவாகக் குறைக்கப்பட்டது. செமாக்ளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சில் இந்தியாவில் முடிவுற, உள்நாட்டு நிறுவனங்கள் அதனைச் செய்து விற்க வழி திறந்தது. மாத விலை எதுவானாலும் அதை அறுபதால் பெருக்கி, ஐந்தாண்டுச் செலவாக எழுதிக் குடும்பத்தார் எதிரில் வைத்த பிறகே தீர்மானிக்க வேண்டும் என்பேன். நடுவழியில் பணமின்றி நிறுத்த நேரும் சிறந்த மருந்தைவிட, தொடர்ந்து வாங்கக்கூடிய இரண்டாந்தர மருந்து மேலானது.

காலம் மட்டுமே வெளிப்படுத்தும் அபாயங்கள் உண்டு என்பதற்கு, புதுச்சேரியோடு மூன்று நூற்றாண்டுத் தொடர்புடைய பிரான்ஸ் தேசமே இரு சாட்சியங்களை அளிக்கிறது. முதல் உலக யுத்தத்தின்போது அந்நாட்டு வெடிமருந்துச் சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள், காய்ச்சல் கண்டு, மெலிந்து, சிலர் மாண்டும் போனார்கள். உயிரணுக்களின் எரிசக்தியை வெறும் உஷ்ணமாக வீணாக்குவதே அதன் தொழில். அந்த மெலிவையே குணமாகக் கொண்டு, 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அதை எடைக்கு மருந்தாகப் பிரயோகித்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உண்டார்கள். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் தேகம் கொதித்து இறந்தார்கள். 1938இன் சட்டத்தோடு அது அங்கே ஒழிந்தது.

இரண்டாவது சாட்சியம் நம் காலத்தது. பென்ஃப்ளூரெக்ஸ் என்ற மருந்து, மெடியேட்டர் என்ற பெயரோடு, 1976 முதல் 2009 வரை பிரான்ஸில் விற்கப்பட்டது. நீரிழிவுக்கென்று அனுமதி பெற்றிருந்தும், பசியை அடக்கி மெலிவிக்கும் என்று லட்சக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அது உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள், இருதய வால்வுகளைக் கெடுத்ததற்காக 1997இலேயே விலக்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமின் சிதைவில் உண்டாகும் அதே பொருள். பிரெஸ்ட் நகர மருத்துவமனையில் நுரையீரல் வைத்தியராக இருந்த இரேன் ஃப்ராஷோன் என்ற பெண்மணி, தம் நோயாளிகளின் வால்வுகளுக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பைத் தளராது தொடர்ந்து நிரூபித்தார். 2010இல் நூலாகவும் எழுதினார். 2021 மார்ச்சில் பாரீஸ் நீதிமன்றம், அதைத் தயாரித்த செர்வியே நிறுவனத்தை வஞ்சனைக்காகவும் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்காகவும் குற்றவாளியெனத் தீர்த்தது. அந்த மருந்து விற்பனையில் இருந்தது முப்பத்து மூன்று ஆண்டுகள்! இந்தியாவிலும், மெலிவிக்கும் மருந்துகளான ரிமோனபான்ட் மனச்சோர்வின் காரணமாக 2009இலும், சிபுட்ரமின் இருதய அபாயத்தின் காரணமாக 2011இலும் தடை செய்யப்பட்டன. இன்றைய ஊசிகளும் இவ்வாறே ஆகும் என்று நான் கூற வரவில்லை, ஜி.எல்.பி-1 வழியில் செயற்படும் முதல் மருந்து நீரிழிவுக்கென 2005இலேயே வந்துவிட்டதனால், இந்த வகைக்கு இருபதாண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. எடைக்குரிய உயர்ந்த அளவில் உள்ள அனுபவம் அதனினும் குறைவு; டிர்செபடைட்டில் மிகக் குறைவு. ஒப்பிடுவோர் இந்த ஆண்டுகளையும் ஒரு பத்தியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, டாக்டரிடம் எடுத்துச் செல்ல வேண்டியது மருந்துகளின் பட்டியலைக் காட்டிலும் தன்னைப் பற்றிய பட்டியலே. கணைய அழற்சி எப்போதாவது வந்ததுண்டா? மது எளிதிற் கிடைக்கும் இவ்வூரில் இந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்டு, உண்மையாக விடை எழுத வேண்டும். ஒருமுறை கணையம் அழன்றவருக்கு இந்த ஊசிகள் பொதுவாக உகந்தவையல்ல. பித்தப்பைக் கல் உண்டா? வேகமாக மெலிவோருக்கு அது பெருகும். குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி என்னும் அரிய வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்ததா? இருந்தால் இவை கூடாது. நம் பெண்களிடம் சகஜமாகக் காணும் தைராய்டுக் குறைவு நோய் வேறு, அதற்கு இந்தத் தடையில்லை. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ உட்கொள்கிறவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். அவற்றின் அளவை முன்னதாகக் குறைக்க நேரலாம். நீரிழிவால் விழித்திரை பழுதுற்றவர் கண்ணைப் பரிசோதித்த பின்பே தொடங்க வேண்டும். கருவுற விரும்பும் பெண் செமாக்ளுடைட்டை இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்த வேண்டும்; டிர்செபடைட் தொடங்குகிறவருக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையக்கூடும். மூட்டு வலிக்கென்று நெடுநாளாக விழுங்கும் ஸ்டீராய்டு, மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் ஆகியவையே எடை ஏறக் காரணமாக இருப்பதும் உண்டு. அப்போது புதிய மருந்தைச் சேர்க்குமுன் பழையதை மாற்ற இயலுமா என்று டாக்டர் பார்ப்பார்.

பாரீஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் ஊசிப் பேனாவைப் பற்றியும் ஒரு சொல். திறவாத பேனா 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் இருக்க வேண்டியது. வெளியில் வைத்தாலும் 30 டிகிரிக்கு மேற்படாமல் சில வாரங்களே தாங்கும். நம் ஊர் வைகாசி வெயில் அதற்கு ஒவ்வாது. வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அன்புப் பரிசாக வருவதற்கும் உரியதன்று.

புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி நோய்த் துறை இருக்கிறது. மிகுந்த பருமனுக்கு அறுவை சிகிச்சை என்ற வழியும் உண்டு. இரண்டைப் பற்றியும் முதற் சந்திப்பிலேயே கேட்கலாம். அதே சந்திப்பில், முதல் ஊசி போடுவதற்கு முன்னரே, முடிவைப் பரிசீலிக்கும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். லிராக்ளுடைட்டுக்கு ஐரோப்பாவில் விதித்திருக்கும் முறை நல்ல முன்மாதிரி: முழு அளவை எட்டிய பன்னிரண்டு வாரங்களில் தொடக்க எடையின் ஐந்து சதவீதம் குறையாவிட்டால் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எண்பது கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ. அந்த எண்ணும் அந்தத் தேதியும் மருத்துவக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தோடு இருக்கட்டும்.